வாசலுக்குப் பூக்கற்றாழை: எதை வைப்பது, எங்கே வைப்பது?

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் நெல்லைப் பற்றியோ, கடலையைப் பற்றியோ, கறவை மாட்டைப் பற்றியோ பேசுவோம். இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலைப் பற்றிப் பேசப் போகிறேன். வாசலில் பூச்செடி வைப்பதெல்லாம் ஒரு விவசாயமா என்று யாராவது சிரித்தால், அவர்களை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் செம்பருத்தி, ரோஜா, குரோட்டன்ஸ் என்று பத்துச் செடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் செடி ஒன்றுக்கு அரைக் குடம் தண்ணீர். ஆக, தினமும் ஐந்து குடம். பங்குனி தொடங்கி ஆனி வரை நாலு மாதத்துக்கு 600 குடம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 9,000 லிட்டர். இதைத் தூக்கி வந்து ஊற்றுவது யார்? வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தூக்குகிறவரைத் தவிர வேறு யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கிணறு வற்றி, லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஊரில் சித்திரை மாதம் என்ன நடக்கும்? ஒன்று, செடி காயும். இல்லையென்றால் கன்றுக்குட்டியின் தொட்டியில் ஒரு குடம் குறையும். இரண்டும் நடக்காமல் வாசலில் பூவும் வேண்டும் என்றால், அதற்கு ஏற்ற செடியைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கற்றாழை.

"கற்றாழையா? அது திருஷ்டிக்குக் கட்டுகிறதாச்சே!" என்பீர்கள். அதேதான். நிலைப்படிக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்தச் செடியை என்றைக்காவது நின்று கவனித்திருக்கிறீர்களா? வேரில் மண் கிடையாது. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கிறது. சில வீடுகளில் தொங்கின நிலையிலேயே பூந்தண்டும் விடுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து வைத்துக் காற்றை வாங்கும். அப்போது உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போகும். கற்றாழை பகலில் கதவைச் சாத்திக்கொள்ளும். ராத்திரி, காற்று குளிர்ந்த பிறகு திறந்து, கரியமில வாயுவை வாங்கி, ஒருவிதப் புளிப்பாக மடலுக்குள் சேர்த்து வைக்கும். மறுநாள் வெயில் வந்ததும், கதவைத் திறக்காமலே, அதைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். மடலுக்குள் இருக்கிற சோறு அதன் தண்ணீர்த் தொட்டி. இதனால்தான் மற்றச் செடிக்கு ஆகிற தண்ணீரில் சின்னப் பங்கு கொடுத்தாலே இது வாழ்ந்துவிடுகிறது.

கற்றாழை என்று நாம் ஒரே பேரில் சொல்வது ஒரு செடியை அல்ல. இங்கேதான் பலரும் கைக்காசைத் தொலைக்கிறார்கள். ஆனைக் கற்றாழை என்றும், ரயில் கற்றாழை என்றும் சொல்கிறோமே, ரயில் பாதை ஓரத்திலும் வேலியிலும் நிற்குமே, அது வேறு குடும்பம். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. அதற்குப் பேர் அகேவ். பத்து வருஷம், இருபது வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஒரே ஒரு தடவை கம்பம் மாதிரி தண்டு விட்டுப் பூக்கும். பூத்ததும் தாய்ச்செடி செத்துப் போகும். சுற்றிலும் பக்கக்கன்றுகள் மட்டும் காடாக நிற்கும். மடல் நுனியில் இருக்கிற முள் ஊசி மாதிரி. ஓடி விளையாடுகிற பிள்ளையின் கண்ணோ, கன்றுக்குட்டியின் கண்ணோ அதில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் சாறு பட்டால் தோல் அரிக்கும், சிலருக்குக் கொப்புளமும் வரும். வயல் வேலிக்கு வேண்டுமானால் இருக்கட்டும், வாசலுக்கு அது வேண்டாம்.

நான் சொல்கிற கற்றாழைக்கு ஆலோ என்று பெயர். நம் சோற்றுக் கற்றாழை அந்த இனம்தான். இது வருஷா வருஷம் பூக்கும், பூத்ததற்காகச் சாகாது. இரண்டையும் அடையாளம் காண ஒரு மடலை ஒடித்துப் பார்த்தால் போதும். ஆலோ மடல் வெள்ளரிக்காய் மாதிரி ஒடியும், உள்ளே கொழகொழவென்று சோறு இருக்கும். அகேவ் மடல் ஒடியாது. பிய்த்தால் நார் நாராக வரும். அந்த நாரில் கயிறு திரிக்கலாம், அது நல்லதுதான், ஆனால் நாம் இப்போது தேடுவது பூவை.

சோற்றுக் கற்றாழையும் பூக்கும். மஞ்சள் பூ, முழங்கால் உயரச் செடி, இடுப்பு உயரத்துக்குத் தண்டு. அதை வைத்திருக்கிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாலே வீட்டை அடையாளம் காட்டுகிற மாதிரி ஆள் உயரத்துக்கு நின்று, பனிக்காலத்தில் தீவட்டி ஏற்றினது போலச் சிவப்பாகப் பூக்கிற வகைகள் இருக்கின்றன. அவற்றுக்குச் சொந்த ஊர் தென் ஆப்பிரிக்கா. மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ஆலோ ஃபெராக்ஸ். ஒற்றைத் தண்டாக வளரும். சாதாரணமாக ஏழு அடியிலிருந்து பத்து அடி உயரம் போகும். மடல் ஒவ்வொன்றும் மூன்றடி நீளம் இருக்கும். உச்சியில் குத்துவிளக்கு மாதிரி கிளைத்த தண்டு, ஒவ்வொரு கிளையிலும் செஞ்சாந்து நிறத்தில் நெருக்கமான கதிர். பார்க்க இதைப் போல ஒன்று கிடையாது. தென் ஆப்பிரிக்காவில் இதன் மடலை வெட்டி, தரையில் ஒரு குழி தோண்டி, குழிக்குள் துணியோ பிளாஸ்டிக் தாளோ விரித்து, அதைச் சுற்றி மடல்களை வட்டமாக அடுக்குவார்கள். வெட்டுவாய் குழியைப் பார்த்து இருக்கும். சில மணி நேரத்தில் மஞ்சள் பால் வடிந்து குழியில் சேரும். அதைக் காய்ச்சினால் கட்டியாக இறுகும். பேதி மருந்துக்காக வெளிநாடுகளுக்கெல்லாம் போகிற சரக்கு அது. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பேதி மருந்து என்றேன். நம் சோற்றுக் கற்றாழையை ஏழு தண்ணீர் கழுவிச் சாப்பிடுகிற பழக்கத்தில் இதன் மடலையும் யாரும் வாயில் வைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் கிட்டேயே போக வேண்டாம்.

இரண்டாவது ஆலோ ஆர்போரெசென்ஸ். பேர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, நாம் புதர்க் கற்றாழை என்று வைத்துக்கொள்வோம். அடியிலிருந்தே பல கிளை விட்டு, ஆறு அடி ஒன்பது அடிக்குப் புதராக நிற்கும். மடல் ஒல்லி, ஓரத்தில் சிறிய பல். ஒரே புதரில் ஒரே சமயத்தில் பத்து இருபது பூந்தண்டு நிற்கும். அந்த நாட்டு ஜனங்கள் மாட்டுப் பட்டியைச் சுற்றி இதை வேலியாக நட்டார்கள். பட்டி போய், குடிசை போய், ஜனங்களும் இடம் மாறிப் போன பிறகும் கற்றாழை மட்டும் வளையமாக நிற்குமாம். அதை வைத்தே பழைய பட்டி இருந்த இடத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார்கள்.

மூன்றாவது ஆலோ மார்லோத்தி. இதுவும் ஒற்றைத் தண்டுதான். மடலின் முதுகிலும் வயிற்றிலும்கூட முள் இருக்கும். இதன் பூக்கதிர் மற்றதைப் போல நிமிர்ந்து நிற்காமல் படுத்தாற்போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், அதுவே ஒரு அழகு. வெயில் காலத்தில் மழை பெய்கிற வடக்குப் பகுதி மலைச்சரிவுகளில் வளர்வது இது.

இன்னொன்றையும் படத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படுவார்கள்: பாலைவனத்தில் குடை மாதிரி நிற்கிற கற்றாழை மரம். சான் மக்கள் அதன் கிளையைக் குடைந்து அம்பறாத்தூணி செய்ததால் அந்த மரத்துக்கே அம்பறாத்தூணி என்று அர்த்தம் வருகிற பேர். நமீபியா பக்கத்து வறண்ட கற்பாறையில் வளர்ந்தது நம் கார்த்திகை மழையில் நிற்காது. அதை விட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கற்றாழை தேர்ந்தெடுக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, "இது எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும்?" என்பது. அந்தக் கேள்விக்கு எல்லா வகையும் ஒரே பதிலைத்தான் சொல்லும். ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் எல்லாமே தாங்கும். நீங்கள் கேட்க வேண்டியது, "ஐப்பசி, கார்த்திகையில் இந்த இடத்தில் தண்ணீர் எத்தனை நேரம் நிற்கும்?" என்று. நமக்கு வருஷத்து மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் மூன்று மாதத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த மழை குளிர்ந்த நாட்டு மழை அல்ல. மண்ணும் சூடாக இருக்கும், ஈரமும் இருக்கும். அழுகல் நோய்க்கு அதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. கோடையில் ஒரு கற்றாழை செத்தது என்று யாரும் என்னிடம் வந்ததில்லை. மார்கழி பிறந்ததும்தான் வருவார்கள். "சார், நல்லாத்தான் இருந்தது, குருத்தைப் பிடிச்சேன், கையோட வந்துடுச்சு, நாத்தம் தாங்கல" என்பார்கள்.

ஆகவே செடி வாங்குவதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். நட நினைக்கிற இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, சாயங்காலம் தண்ணீரை நிரப்பி விடுங்கள். விடிந்து பார்க்கும்போது குழி வற்றியிருந்தால் நடலாம். தண்ணீர் இன்னும் நின்றால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் நடக்கூடாது. செம்மண் சரளை இருக்கிற வீடுகளுக்குக் கவலையே இல்லை, அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கரிசல்காரர்களும், களிமண்காரர்களும் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டியே ஆக வேண்டும். மேட்டுக்கு வெறும் களிமண்ணை அள்ளிக் கொட்டினால் பலனில்லை. உடைந்த ஓடு, செங்கல் துண்டு, சரளைக்கல் இவற்றை மண்ணோடு சரிபாதி கலந்து போடுங்கள். இடிந்த பழைய வீட்டு ஓடு ஊரில் எங்கேயாவது குவிந்து கிடக்கும். அது ஒரு வண்டி கிடைத்தால் போதும்.

கூரையிலிருந்து மழைத்தண்ணீர் ஒழுகுகிற இறவாணத்துக்கு நேர் கீழே நடாதீர்கள். ஒரு மழைக்கு அங்கே விழுகிற தண்ணீர் திறந்த வெளியில் விழுவதைப் போலப் பல மடங்கு. அதே மாதிரி குளியலறைத் தண்ணீர் போகிற வழியிலும் வேண்டாம். "தண்ணீர் வீணாகிறதே, ஒரு செடி வைக்கலாமே" என்கிற நல்ல எண்ணத்தில்தான் அங்கே நடுவார்கள். அந்த இடத்துக்கு வாழையோ, சேம்போ சரி. வேப்ப மரத்து நிழலும் உதவாது. நிழலில் மடல் நீண்டு தொங்குமே தவிர, பூ வராது. அரை நாள் வெயிலாவது நேராக விழுகிற இடம் வேண்டும்.

வகையைத் தேர்ந்தெடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஒற்றைத் தண்டு வகைக்கு ஒரே குருத்து. அது அழுகினால் நாலைந்து வருஷம் வளர்த்தது ஒரே வாரத்தில் போச்சு. புதர்க் கற்றாழை அப்படியில்லை. ஒரு கிளை அழுகினால் அதை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல கிளையை ஒடித்து வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாம். அதனால் முதல் தடவை வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது புதர்க் கற்றாழைதான். அதில் இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டால், உங்கள் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஃபெராக்ஸ் மேல் ஆசை வையுங்கள். ஃபெராக்ஸ் விதையிலிருந்து வந்தால் பூப்பதற்கு நாலைந்து வருஷமாவது ஆகும். புதர்க் கற்றாழைக் கிளையை நட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் பூவைப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் தவழ்கிற வீட்டில் ஃபெராக்ஸும் மார்லோத்தியும் வேண்டாம், இளஞ்செடியில்தான் முள் ரொம்ப அதிகம்.

குளிர் இரவும் பூவுக்கு உதவும். தென் ஆப்பிரிக்காவில் இவை அவர்கள் குளிர்காலமான மே முதல் ஆகஸ்டு வரை பூக்கின்றன. பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் வந்தால் நம் பனிக்காலத்துக்குப் பூ மாறிக்கொள்ளும். ஓசூர், கிருஷ்ணகிரி மாதிரி மார்கழி, தை இரவுகள் நன்றாகக் குளிர்கிற மேட்டுப் பகுதிக்காரர்களுக்கு இது சாதகம். கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் அதே அளவு பூவை எதிர்பார்க்க வேண்டாம். அவர்களுக்குச் சோற்றுக் கற்றாழையே நிச்சயமான சரக்கு.

நடுவதற்கு நல்ல காலம், மழை ஓய்ந்த பிறகு மார்கழிக் கடைசி, தை. அப்போது நட்டால் அடுத்த ஐப்பசி மழைக்குள் வேர் நன்றாக ஓடிவிடும். கிளையை ஒடித்ததும் நேரே மண்ணில் குத்தாதீர்கள். நிழலில் ஒரு வாரம், பத்து நாள் போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். அது ஈரமாக இருக்கும்போது மண்ணில் போனால் அங்கிருந்துதான் அழுகல் ஏறும். நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டாம். கழுத்து வரைக்கும் மண் அணைக்க வேண்டாம், வேர் மறைந்தால் போதும். பிறகு முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு சொம்பு. ஒரு வருஷம் தாண்டினால், ரொம்பக் காய்கிற சமயத்தில் மாதம் இரண்டு தடவை ஊற்றினால் போதும். மறந்து போனாலும் செடி கோபித்துக்கொள்ளாது.

கோடையில் மடல் சிவந்து, ஓரம் சுருண்டு காணப்பட்டால் பயப்படாதீர்கள். அது நோயல்ல. வெயிலையும் வறட்சியையும் சமாளிக்கிற விதம் அது, மழை கண்டதும் பச்சை திரும்பும். சிவந்துவிட்டதே என்று குடம் குடமாக ஊற்றுகிறவர்கள்தான் செடியைக் கெடுக்கிறார்கள். நிழல்வலைக் கூடாரத்தில் வளர்ந்த செடியை வாங்கினால் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே நாளில் சுள்ளென்ற வெயிலில் வைத்தால் மடல் வெந்து போகும். இரண்டு வாரம் காலை வெயிலில் பழக்கி, அப்புறம் நடுங்கள்.

உரம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு கூடை மக்கின தொழுவுரம் போதும். வயலுக்குப் போட்டது மிச்சம் இருக்கிறதே என்று யூரியாவை அள்ளிப் போட்டால் மடல் கொழுத்து, தண்ணீர்ப் பதமாகி, மழைக்கு நிற்காது. மாவுப்பூச்சி வரும். எறும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தால் மடலின் அடியைப் பிரித்துப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆரம்பத்திலேயே பழைய துணியால் துடைத்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்கால வேளையில் தெளித்தால் அடங்கும். காய்ந்த மடல்கள் தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கும். தென் ஆப்பிரிக்காவில் அதை அப்படியே விடுவார்கள். நம் வாசலில் தரையை ஒட்டினதை வெட்டி விடுங்கள், தேள் அடையும்.

பூ வந்த பிறகு காலையில் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். தேன்சிட்டு வரும். கதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு குழலுக்குள்ளும் அலகை விடும். தேனீயும் மொய்க்கும். தேனீப் பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது ஒரு சின்ன லாபம்.

கன்று எங்கே வாங்குவது? ஆலோ வகைகள் ஒன்றோடொன்று சுலபமாகக் கலந்துவிடும். விதையில் வந்த செடி தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே பூத்து நிற்கிற தாய்ச்செடியைக் கண்ணால் பார்த்து, அதன் கிளையையோ பக்கக்கன்றையோ கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கிற மகனிடம், மருமகனிடம் சொல்லிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். சோற்றுக் கற்றாழை நீங்கலாக மற்ற ஆலோ செடிகளை நாடு விட்டு நாடு கொண்டுபோக சர்வதேச ஒப்பந்தப்படி அனுமதி வேண்டும். நம் நாட்டுப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டால் செடியும் போகும், மானமும் போகும்.

இன்னொரு சங்கதி. நான் சொன்னதெல்லாம் வாசலுக்கும் வரப்பு ஓரத்துக்கும். ஏக்கர் கணக்கில் கற்றாழை போடுங்கள், கன்றையும் நாங்களே தருகிறோம், விளைச்சலையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று யாராவது வந்தால், கன்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் மடலை எந்த ஆலையில், என்ன விலைக்கு, எத்தனை நாளைக்குள் எடுப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வெட்டின மடல் நெல் மாதிரி குதிரில் கிடக்காது. சில நாளில் கெட்டுவிடும், அப்போது விலை பேசுகிற பலம் நம் கையில் இருக்காது.

மண்ணைப் பற்றியோ, இடத்தைப் பற்றியோ சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத்தில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள், தோட்டக்கலை அலுவலரிடமும் விசாரிக்கலாம். போகும்போது குழியில் எத்தனை நேரம் தண்ணீர் நின்றது என்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள். அவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.